கறை படாத மேடை

வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ரியாசுதீன் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த மேடையில் இதுவரை ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை.

மாடுலர் கிச்சன் போட வந்த அரவிந்த்குமார் வேலையை முடித்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பிப் போய் ஒரு வாரமாகிறது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் இப்போது இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாம் தெரியும்: வெள்ளை குவார்ட்ஸ் மேடை, முகம் தெரிகிற கதவுகள், அவற்றுக்குக் கீழே ஓடும் விளக்குப் பட்டை, கறுப்புக் கண்ணாடி அடுப்பு, அதன் மேல் சிம்னி.

அவர்கள் கிளம்பிப் போன அன்று சாயங்காலம்தான் ரியாஸ் அதைச் சொன்னான். வேலை நடந்த நாட்களுக்காகக் கொல்லையில் போட்ட தகரக் கொட்டகையைப் பிரிக்க வேண்டாம் என்றான். "சமையல் அங்கிட்டே நடக்கட்டும். இங்க டீ வைக்கலாம், ஓவன்ல சூடு பண்ணலாம். மத்தபடி இது இப்படியே இருக்கட்டும்."

அவன் மனைவி ஆஃப்ரீன் அன்று பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்று தோன்றியது.

அந்தச் சமையலறையை அவளும் ஆசைப்பட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரியாஸ் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவான். இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா என்று கேட்பான். லேசாகத் தள்ளினால் சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறைகளை அவள்தான் கேட்டு வாங்கினாள். அளவெடுக்கிற அன்று மட்டும் அவள் ஊரில் இல்லை. மணமேல்குடியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "சமைக்கிறவங்க வந்து நில்லுங்க, முழங்கை உயரம் பாக்கணும்" என்று அரவிந்த்குமார் கேட்டபோது லீவில் வந்திருந்த ரியாஸே போய் நின்றானாம். "எனக்கே எடுங்க சார். அங்க ரூம்ல எட்டுப் பேருக்கு நான்தான் ஆக்குறேன்" என்றானாம். அவள் திரும்பி வந்தபோது இதைப் பெருமையாகத்தான் அவளிடம் சொன்னான்.

அவன் ஆறடி. ஆஃப்ரீன் அவன் தோளுக்குக்கூட வர மாட்டாள்.

"மாமா தொழுகை முடிஞ்சு மாமியக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துருவாரு" என்றான் ரியாஸ், துணியை மடித்துக்கொண்டே. "கிச்சனைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மீன் ஆஞ்சுக்கிட்டு இருக்காங்க."

"எங்க?"

"கொட்டகையிலதான். வேற எங்க?"

அந்தக் குத்தல் அவனுக்கு உறைக்கவில்லை. "நல்லது. மீன் வாடை இங்கிட்டு வரவே கூடாது. ஒனக்குத் தெரியுமா, அங்க நான் ஏசி பாக்கப் போற வில்லாவெல்லாம் இப்படித்தான். முன்னாடி ஒரு கிச்சன் இருக்கும், கண்ணாடி கணக்கா. ஒரு பூ ஜாடி, ஒரு காபி மிஷினு, அம்புட்டுத்தான். சமைக்கிறதெல்லாம் பின்னாடி வேற கிச்சன்ல."

"அந்தப் பின் கிச்சன்ல யாரு சமைப்பாங்க மச்சான்?"

"வேலைக்காரப் பொம்பளைங்கதான். சிலோன்காரங்க, பிலிப்பைன்ஸ்காரங்க. நல்ல மனுசங்க. நாங்க அந்தப் பக்க வாசலாத்தானே போவோம், டீ போட்டுக் குடுப்பாங்க."

"வீட்டுக்காரம்மா?"

"அவங்க எதுக்குப் பின்னாடி வாராங்க?" என்று சிரித்தான். சிரித்தபடியே தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான். அவன் போன பிறகும் அத்தர் வாசனை கொஞ்ச நேரம் ஹாலில் நின்றது.

ஆஃப்ரீனும் நின்றாள்.

அவன் கெட்டவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் இந்த ஒரு வாரமும் இத்தனை கஷ்டமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வில்லாக்களில் பின்வாசல் வழியாகப் போய் வருகிறவன், தனக்கென்று ஒரு முன்பக்கம் கட்டியிருக்கிறான். அதை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் முன்பக்கம் என்று ஒன்று இருந்தால் பின்பக்கம் வேண்டும். பின்பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். நினைக்காமல் செய்ததை என்ன செய்வது?

அவள் கொல்லைக்கு நடந்தாள்.

சித்திரை வெயிலில் தகரம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குனிந்து நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மாமியார் ஜொஹரா பீவி மணையில் உட்கார்ந்து, அரிவாள்மணையில் விளைமீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து காலையில் வந்த மீன். எட்டும் தூரத்தில், தரையோடு தரையாக இரண்டு வரிசைச் செங்கல் மேல் கேஸ் அடுப்பு. சுவரை இடித்ததில் உடையாமல் மிஞ்சிய கல்லெல்லாம் கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்தது.

"கிளம்பிட்டானா?"

"போய்ட்டாங்க மாமி."

"புளியக் கரை. அவுக வந்துருவாக."

"கரைக்கிறேன். இன்னைக்கு நான் உள்ள சமைக்கப் போறேன் மாமி."

செதில் சீவுகிற சத்தம் நிற்கவில்லை. "உள்ளன்னா?"

"புது கிச்சன்ல."

"அவன் வேணாம்னான்ல."

"அவங்க சொன்னாங்க. நான் சரின்னு சொல்லல."

"இல்லைன்னும் சொல்லலியே. நானுந்தான் அன்னைக்குப் பாத்தேன். வாயில பஞ்சை வச்சவ மாதிரி நின்னே."

"அதான் இன்னைக்குச் சொல்றேன்."

ஆஃப்ரீன் ரெகுலேட்டரை மூடிக் கழற்றினாள். இன்னொரு சிலிண்டர் காலி. புக் பண்ணியது இன்னும் வரவில்லை. இருக்கிற ஒன்றைச் சாய்த்து, கீழ் விளிம்பில் நிறுத்தி, இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி உருட்டத் தொடங்கினாள்.

ஜொஹரா பீவியின் கை இப்போது நின்றது. "அதை எங்கடி உருட்டுறே? என் அடுப்பு?"

"நீங்களும் உள்ள வாங்க மாமி. ஃபேனடியில இருக்கலாம்."

மாமியார் அதற்கு ஏதோ சொன்னார். சிமெண்டுத் தரையில் இரும்பு கடகடத்த சத்தத்தில் ஆஃப்ரீனுக்கு அது காதில் விழவில்லை. நின்று கேட்கவும் இல்லை. நின்றால் மறுபடி உருட்ட மனம் வராதோ என்று பயமாக இருந்தது.

கொல்லைப் படியில் ஏற்றும்போது மூச்சு முட்டியது. புது டைல்ஸில் உருட்டியபோது பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஹாலில் இருந்த கொல்லை வாசலிலிருந்து, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, மேடை வரைக்கும் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்திருந்தது. சரி, விழட்டும்.

கீழ்க் கதவைத் திறந்து சிலிண்டரை அதற்கென்று விட்டிருந்த இடத்தில் நிறுத்தி, குழாயை மாட்டினாள். கண்ணாடி அடுப்பின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ரியாஸ் இன்னும் உரிக்கவில்லை. சிம்னியிலும் உரிக்கவில்லை. துபாய்க்குத் திரும்பிப் போனாலும் அது அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். காதுக்கு இதமாக ஒரு சத்தம் வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மேடை அவள் நெஞ்சுக்குக் கீழே வந்து முட்டியது. கரண்டியைப் பிடித்தால் தோளைத் தூக்க வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே மிச்ச டைல்ஸ் பெட்டிகள் கிடந்தன. இரண்டை இழுத்து வந்து போட்டு ஏறி நின்றாள். இப்போது மேடை சரியான இடத்தில் இருந்தது.

மாமியார் ஆய்ந்து வைத்த மீனை எடுத்துவர மறுபடி கொல்லைக்குப் போனாள். சட்டியைக் கழுவி வாசலருகே வைத்துவிட்டு, ஜொஹரா பீவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய் காய்ந்தது. வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. சிம்னியைப் போட்டதும் அது ரைஸ்மில் மாதிரி இரைந்தது. மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தபோது கொஞ்சம் தூள் வெள்ளை மேடையில் சிந்தியது. ஈரக் கை பட்டு அது பரவி ஒரு காசளவு ஆனது. அவள் கை தானாகத் துணியைத் தேடியது. பிறகு துணியை வைத்துவிட்டுப் புளியை ஊற்றினாள்.

குழம்பு கொதித்து வருகிற நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவர் அபுபக்கர், ஜொஹரா பீவியின் தம்பி. அறந்தாங்கி கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"ஏன் மாப்ளே, கையைக் கட்டிக்கிட்டு தூர நின்னு பாக்கணும்னு சொன்னே. வாசனை தெரு வரைக்கும் வந்து கூப்புடுது."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி மைமூன். அதற்கும் பின்னால் ரியாஸ். உள்ளே வந்தவன் கண் முதலில் தரையில் கிடந்த கோட்டுக்குப் போனது. கோடு எங்கே போகிறதோ அங்கே போனது. அவள் முகத்துக்கு வந்தது கடைசியாகத்தான்.

"வாங்க மாமா. வாங்க மாமி" என்றாள் ஆஃப்ரீன், பெட்டி மேலிருந்து இறங்காமல்.

மைமூன் அதற்குள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லைங்க. நம்ம வீட்ல கதவைச் சாத்துனா பக்கத்து வீட்டுக் கோழி கத்துது."

ரியாஸ் மேடையருகே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "என்ன இது?"

"மீன் ஆணம்."

"ஆஃப்ரீன்."

"தள்ளி நில்லுங்க மச்சான். தெறிக்கும். வெள்ளைச் சட்டை."

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"நீங்க சொல்லிட்டுப் போனதைத்தான் அப்ப இருந்து நினைச்சுக்கிட்டு இருக்கேன். பின் கிச்சன்ல சமைக்கிறது யாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் கொல்லை வாசலைத் திரும்பிப் பார்த்தான். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னது இப்போதுதான் அவனுக்கே போய்ச் சேர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் அடுப்பைக் குறைக்கவில்லை.

"எதுக்கு மேல நிக்கிறே நீ?" என்று மைமூன் குனிந்து பார்த்தார்.

"டைல்ஸ் பெட்டி மாமி. மேடை உங்க மருமகன் உயரத்துக்குக் கட்டுனது. அவங்க சமைச்சா கச்சிதமா இருக்கும்."

அபுபக்கர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நாளைக்கு நீதான் மாப்ளே பிரியாணி. நான் இலையோட வாரேன்."

ரியாஸும் சிரிப்பது போல் உதட்டை இழுத்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோதும் ஜொஹரா பீவி உள்ளே வரவில்லை. மைமூன் கொல்லை வாசல் வரை போய்க் கூப்பிட்டார். "மதினி, என்ன, மருமக தனி அடுப்பு வச்சுட்டாளா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு விளையாட்டு கிடையாது. தனி அடுப்பு என்றால் குடும்பம் இரண்டாகிவிட்டது என்று அர்த்தம். அண்ணன் தம்பிகள் பிரிவதும், மாமியார் மருமகள் பேச்சு நிற்பதும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கும்.

"வச்சா வச்சுக்கட்டும்" என்று கொட்டகையிலிருந்து பதில் வந்தது. "நீங்க சாப்புடுங்க. எனக்குப் பசிக்கல."

அபுபக்கர் இரண்டாம் தடவை ஆணம் வாங்கிக்கொண்டார். வேறு யாரும் வாங்கவில்லை.

அவர்கள் கிளம்பிப் போனதும் ரியாஸ் துணியை நனைத்து மஞ்சள் கறையைத் தேய்க்க ஆரம்பித்தான். கறை வெளுத்தது. போகவில்லை.

"இது போகாது" என்றான்.

"போகாட்டி என்ன?"

"ஒனக்குப் போகாட்டி என்னன்னு இருக்கு. எனக்கு அப்படி இல்ல." தேய்ப்பதை நிறுத்தாமல் பேசினான். "போன வருசம் ஒரு வில்லாவுல, அந்த முன் கிச்சன்ல ஏசி பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணி தவிச்சுச்சு. மேடையில இருந்த டம்ளர்ல புடிச்சுக் குடிச்சேன். அந்த அம்மா பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல. நான் வச்சதும் டம்ளரை எடுத்துக் குப்பையில போட்டுச்சு. அம்புட்டுத்தான். கோபமாக்கூட இல்ல."

ஆஃப்ரீன் அவனையே பார்த்தாள். அவன் அனுப்பிய அத்தனை படங்களிலும் ஒரு மேடையும் ஒரு கண்ணாடி டம்ளரும் இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. தினமும் பேசுகிறவர்கள்தான் இருவரும். இதை மட்டும் அவன் பேசவில்லை.

"சொல்லிருக்கலாம்ல என்கிட்ட."

"என்னன்னு சொல்ல?"

அவன் கையிலிருந்து துணியை வாங்கினாள். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இப்போது அழுதால் அவனுக்காக அழுததாகிவிடும். பிறகு, சரி மச்சான், கொட்டகையிலேயே ஆக்குறேன் என்று அவள் வாயே சொல்லிவிடும். எத்தனை வீடுகளில் அப்படித்தான் முடிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா வீட்டிலும் அப்படித்தான்.

"அந்த அம்மா செஞ்சது தப்பு" என்றாள். "அதுக்காக அந்த அம்மா வீட்டையே இங்க கொண்டாந்து வைக்கக் கூடாது மச்சான். நீங்க இந்த வீட்ல எந்த டம்ளர்லயும் குடிக்கலாம். நான் எந்த அடுப்புலயும் சமைப்பேன். மேடையில கறை படும். அந்தத் தகரத்தை நாளைக்கே ஆளை விட்டுப் பிரிச்சுருங்க."

ரியாஸ் தரையில் கிடந்த டைல்ஸ் பெட்டிகளைப் பார்த்தான். "மேடையை இறக்க முடியுமான்னு அரவிந்த்குமாருக்குப் போன் பண்ணிக் கேக்குறேன்" என்றான். பிறகு, தயங்கி, "கொட்டகையப் பிரிச்சுட்டா அம்மா..." என்று தொடங்கினான்.

அவன் முடிப்பதற்குள் புகை வந்தது. அடுப்புப் புகை இல்லை, தென்னை மட்டை எரிகிற புகை.

இருவரும் கொல்லைக்குப் போனார்கள்.

வெயில் இறங்கிவிட்டது. கொட்டகை வாசலில் ஜொஹரா பீவி மணையில் உட்கார்ந்திருந்தார். இடித்த சுவரின் செங்கல்லில் மூன்றை எடுத்து முக்கோணமாக வைத்து, மட்டையைச் செருகித் தீ மூட்டியிருந்தார். மேலே ஒரு சின்னப் பானை. ஒரு ஆளுக்குப் போதுமான பானை.

"என்ன மாமி இது?"

"உலை."

"உள்ள சோறு இருக்கு. உங்களுக்குன்னு நடுத்துண்டு எடுத்து வச்சிருக்கேன்."

"இருக்கட்டும்."

"அம்மா, சிலிண்டரை நான் உருட்டிக் கொண்டாரேன்" என்றான் ரியாஸ்.

"எதுக்கு? அது அவ உருட்டிக்கிட்டுப் போனது. அவளுக்கு வேணும்னு எடுத்தா. நல்லாத்தான் எடுத்தா." ஜொஹரா பீவி மட்டையை உள்ளே தள்ளினார். "நான் அவகிட்டக் கேட்டேன், உள்ள வந்து நான் எங்க உக்காருறதுன்னு. அவளுக்குக் காது கேக்கல. நின்னா எனக்குக் கால் வீங்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நான் உக்காந்தே ஆக்கிப் பழகுனவ. இவளை மாதிரி பெட்டி மேல ஏறி நிக்கச் சொல்றியா? அந்த வெள்ளை வீட்ல நான் உக்காந்து ஆக்க ஒரு இடம் காட்டு. இப்பவே வாரேன்."

ரியாஸ் திரும்பி உள்ளே பார்த்தான். ஆஃப்ரீனும் பார்த்தாள். அத்தனை நீளமான மேடையில், அத்தனை இழுப்பறைகளுக்கு நடுவில், ஒரு மணை போட இடம் இல்லை.

"நாளைக்குத் தகரத்தைப் பிரிக்கிறதாப் பேசிக்கிட்டீங்க" என்றார் ஜொஹரா பீவி. "காதுல விழுந்துச்சு. நடுவுலதான் சுவரு இல்லையே."

தனக்கு யாரும் அளவெடுக்கவில்லை என்று ஒரு வாரமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவள் ஆஃப்ரீன். மாமியாருக்கு யார் அளவெடுத்தார்கள் என்ற கேள்வி அவளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது வந்தது. முகம் சுட்டது. டைல்ஸில் கிடந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைத் திருப்பி உருட்டிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. எல்லோருக்கும் நிம்மதி. நாளைக் காலையில் அவள் அந்தத் தகரத்துக்குக் கீழே குனிந்து நுழைவாள்.

அவள் உருட்டவில்லை.

பள்ளிவாசலில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ரியாஸ் முன்பு சுவர் இருந்த இடத்தில் வந்து நின்றான். ஒரு பக்கம் கொல்லை வாசலுக்கு அப்பால் செங்கல்லுக்கு நடுவில் சிவப்பாகத் தீ, மறுபக்கம் ஆஃப்ரீன் உள்ளே போய்ப் பற்றவைத்த நீலத் தீ. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தொழப் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

ஆஃப்ரீன் பெட்டி மேல் ஏறி, மூன்று பேர் டீக்குப் பாலை ஊற்றினாள். பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்கு வைக்காதே" என்று அங்கிருந்து குரல் வந்தது. "நான் இங்கனயே போட்டுக்குவேன்."

ஆஃப்ரீன் பாலைக் குறைக்கவில்லை.